பழைய டிரம் செட்டை இணையத்தில் வாங்க: படம் கேட்பதிலிருந்து பணம் கட்டுவது வரை ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் கடைசி நாள் இரவு இசைக்குழு இருக்கும். நான் பையனாக இருந்தபோது பாட்டு தொடங்கும் நேரத்துக்குப் போகமாட்டேன். லோரியிலிருந்து சாமான் இறக்கும் நேரத்துக்கே போய் நின்றுவிடுவேன். பச்சை ஜிகினா பதித்த பேஸ் டிரம்மை இரண்டு அண்ணன்மார் பிடித்து மேடையில் ஏற்றுவார்கள். விளக்கு வெளிச்சம் பட்டு அது மின்னும். நாற்பது வயதைத் தாண்டியபின் பழைய டிரம் தேட ஆரம்பித்ததற்கு அந்தப் பச்சைதான் காரணம்.

தேட ஆரம்பித்த முதல் வருடமே 900 வெள்ளியை (ரிங்கிட்டை) பறிகொடுத்தேன். இணையத்தில் ஒரு பழைய ஜப்பான் செட், அதே பச்சை. “பாஸ், பினாங்குல இருந்து ஒருத்தர் நாளைக்கு வந்து எடுக்குறேன்னு சொல்றாரு. நீங்க பாதி போட்டா உங்களுக்கே வச்சிடுறேன்” என்றார் விற்றவர். அன்றிரவே போட்டேன். மறுநாள் காலை அந்த எண் எடுபடவில்லை. படங்கள் வேறு யாரோ எப்போதோ போட்ட விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பின் மூன்று செட்டும் நான்கு ஸ்னேரும் (அடியில் கம்பி கட்டிய சிறு டிரம்) இணையம் வழியாகவே வாங்கியிருக்கிறேன். ஒரு காசு போகவில்லை. டிரம்மைச் சோதிக்கக் கேட்கும் கேள்விகளே விற்பவரையும் சோதித்துவிடுகின்றன என்பதை இதில் கற்றுக்கொண்டேன். டிரம்மைக் கையில் வைத்திருப்பவருக்குச் சுலபமான வேலைகள் பல, படத்தை மட்டும் வைத்திருப்பவரால் முடியவே முடியாது. கீழே உள்ள படிகளை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

முதல் படி: எந்தப் பழசு என்று முடிவு செய்யுங்கள்

தூசி படிந்த செட்டையெல்லாம் ‘விண்டேஜ்’ என்று போடுகிறார்கள். ஆகவே தேடுவதற்கு முன் கம்பெனி, காலம், அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் என் கண்ணில் அதிகம் பட்டவை ஜப்பான் செட்டுகள். பேர்ல் 1946இல் தொடங்கிய கம்பெனி. யமாஹா 1967இல் டிரம் செய்ய ஆரம்பித்தது. டாமா என்ற பெயர் வந்தது 1974இல். அதற்கு முன் அதே ஹோஷினோ கம்பெனி ‘ஸ்டார்’ என்ற பெயரில் விற்றது. 1960களில் ஜப்பானில் செய்த மலிவு செட்டுகள் பல நாடுகளுக்குப் போய், அங்கங்கே வெவ்வேறு பெயர்த் தகட்டோடு விற்கப்பட்டன. அவற்றின் ஷெல், அதாவது டிரம்மின் உருளை உடல், பெரும்பாலும் லாவான் மரம். நம் மெராந்திக்கு உறவான மரம்தான் அது. மெல்லியதாக இருக்கும், சத்தம் கனிந்து வரும். எனக்கு இந்தச் செட்டுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. அறுபதுகளில் இந்த நாட்டில் கித்தார் இசைக்குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தின் ஓசை அதில் இருக்கிறது. முதன்முறை வாங்குபவர் இங்கிருந்து தொடங்குவது நல்லது. விலை குறைவு, தவறினாலும் தாங்கலாம்.

இங்கிலாந்தின் பிரிமியர் 1922இல் தொடங்கியது. பிரிமியர் வாங்குபவர் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960களின் பிற்பகுதி வரை அவர்களுடைய சில டிரம்களின் விட்டம் இன்றைய பொது அளவைவிடக் கொஞ்சம் பெரியது. 12 அங்குல டாம் (பேஸ் டிரம்மின் மேல் பூட்டும் சிறு டிரம்) என்று நினைத்து வாங்குவீர்கள். கடையில் விற்கும் 12 அங்குல ஹெட் (அடிக்கும் தோல்) அதில் இறங்காது. திருகாணிகளும் அமெரிக்க இழையோடு சேராது. ஆகவே ஷெல்லின் வெளி விட்டத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். 12 அங்குலம் என்பது 305 மில்லிமீட்டர். ஷெல் அந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ புது ஹெட்டுக்குச் சிக்கல்.

அமெரிக்க லட்விக், கிரெட்ச், ஸ்லிங்கர்லேண்ட், ரோஜர்ஸ் ஆகிய நான்கும் விலை ஏறிய பெயர்கள். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசித்தபோது அதன் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்தது லட்விக். அந்த இரவுக்குப் பிறகு லட்விக் தொழிற்சாலையால் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்க முடியவில்லை. ஆகவே அறுபதுகளின் லட்விக் எண்ணிக்கையில் நிறைய உண்டு. அரிதானது என்று சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். 1960களின் லட்விக்கில் மேலே அகன்ற ‘கீஸ்டோன்’ வடிவப் பித்தளைத் தகடு இருக்கும். அதில் வரிசை எண் வரத் தொடங்கியது 1963, 1964 வாக்கில். எழுபதுகளில் தகடு நீலமும் ஒலிவப் பச்சையுமாக மாறியது. கிரெட்சின் வட்டத் தகடு எழுபதுகளின் தொடக்கத்தோடு போய்விட்டது. இந்த எண்களை வைத்து வருடத்தைத் தோராயமாகத்தான் சொல்லலாம். தொழிற்சாலையில் தகடுகளை வரிசைப்படி எடுத்து அடிக்கவில்லை; பெட்டிக்குள் கை விட்டு எடுத்தது எதுவோ அதை அடித்தார்கள். “இந்த எண் 1965 மார்ச்” என்று விற்பவர் அடித்துச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். அந்தக் கால லட்விக் ஷெல்லுக்குள் பல சமயம் சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கும். அதன் படம் இருந்தால் எண்ணைவிட நம்பகமானது.

இரண்டாம் படி: விலை

ரிவர்ப் என்ற இசைக்கருவிச் சந்தைத் தளத்தில் விலை வழிகாட்டி உண்டு. ஈபேயில் ‘விற்றுமுடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்கலாம். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். அதிலிருந்து காணாமல் போன உறுப்புகளின் செலவைக் கழியுங்கள். நான்கு டிரம்முக்கும் மேலும் கீழும் புது ஹெட், ஸ்னேர் கம்பி, பேஸ் டிரம் கால் என்று போனால் செலவு எளிதில் மூன்று இலக்கத்தின் உச்சிக்குப் போய்விடும். ஸ்னேர் கம்பியை இழுத்துப் பிடிக்கும் பக்கவாட்டு இழுவை அமைப்பில் ஒரு சிறு உறுப்பு இல்லாவிட்டாலும் பெரிய தலைவலி. பிரிமியரின் ராயல் ஏஸ் போன்ற ஸ்னேர்களுக்கு அதைத் தனியாகத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

விற்றுமுடிந்த விலையில் பாதிக்கும் கீழே ஒருவர் கேட்டால், காரணம் உங்களுக்கே புரியும்படி இருக்க வேண்டும். துளை போட்ட ஷெல், ஷெல்லின்மேல் மாற்றி ஒட்டிய வெளியுறை, வீடு மாறும் அவசரம் எல்லாம் காரணங்கள். காரணமே இல்லாத மலிவைக் கண்டால் அடுத்த படியை இரண்டு மடங்கு கவனத்தோடு செய்யுங்கள்.

மூன்றாம் படி: படம் கேளுங்கள், ஆனால் இந்தப் படங்களை

விளம்பரத்தில் இருக்கும் படங்கள் எதற்கும் போதாது. முதலில் அவற்றைக் கூகுள் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். எனக்கு அன்று இரண்டு நிமிட வேலை அது. செய்திருந்தால் 900 வெள்ளி இருந்திருக்கும். பிறகு மரியாதையாக இப்படி எழுதுங்கள்: “அண்ணே, செட் பிடிச்சிருக்கு. ஒரு டாமோட மேல் ஹெட்டைக் கழற்றி உள்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? பக்கத்துல இன்னிக்குத் தேதி எழுதின தாளை வச்சு எடுங்க.”

ஹெட் கழற்ற, திருகாணி திருப்பும் ஒரு டிரம் சாவியும் ஐந்து நிமிடமும் போதும். உண்மையில் டிரம் வைத்திருப்பவர் கொஞ்சம் சலித்துக்கொண்டாவது அனுப்புவார். டிரம்மை நேசிப்பவராக இருந்தால் கேட்காத படத்தையும் சேர்த்து அனுப்புவார். படம் திருடிப் போட்டவரிடம் இது நடக்காது. “பிஸி பாஸ்”, “செட் தம்பி வீட்டுல இருக்கு”, “நம்பலைன்னா விடுங்க” என்று ஏதாவது வரும். மூன்றாவது பதிலைக் கேட்டு நாம் வெட்கப்பட்டுப் பின்வாங்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும். வெட்கப்பட ஒன்றுமில்லை. விடச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

நான் கேட்கும் படங்கள் இவை:

ஷெல்லின் உள்பக்கம் முழுவதும், முத்திரையோ ஒட்டுத்தாளோ இருந்தால் அது கிட்டத்தில்.
ஷெல்லின் விளிம்பு, அதாவது ஹெட் உட்காரும் இடம், சுற்றிலும்.
அளவு நாடாவைக் குறுக்கே வைத்து ஒன்று, அதற்குச் செங்குத்தாக வைத்து இன்னொன்று.
தகடும் அதிலுள்ள எண்ணும்.
பேஸ் டிரம்மின் மேற்பகுதி, டாம் தாங்கி பூட்டியிருக்கும் இடம்.

அளவு நாடா எதற்கென்றால், இரண்டு அளவுக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷெல் வட்டம் கெட்டிருக்கிறது. பேஸ் டிரம் மேற்பகுதியில்தான் பழைய உரிமையாளர்கள் கண்டபடி துளை போட்டிருப்பார்கள். உள்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். வெளியே ஒட்டிய உறை மறைத்தாலும் உள்ளே துளை காட்டிக்கொடுக்கும். துளை உள்ள செட் ஒலியில் மோசம் என்று நினைக்க வேண்டாம். விலை பேச அது நல்ல கைப்பிடி.

படம் வந்துவிட்டால் வீடியோ அழைப்பு. டிரம்மைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பணம் போகும் வழி

இந்தப் படியில் நிதானமாக இருங்கள்.

நம் நாட்டில் டுயிட்நவ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை வழியாகப் பணம் அனுப்ப ஒரு நொடி. அது வசதி, ஆபத்தும் அதுவே. பணம் அவர் கணக்கில் விழுந்த நொடியில் அடுத்த கணக்குக்கு ஓடிவிடலாம். நாம் நம் கையாலேயே உறுதி செய்து அனுப்பிய பணம் என்பதால் வங்கியிடம் போய் “திருப்பிக் கொடு” என்று உரிமையோடு கேட்கவும் முடியாது. ஆகவே பணம் கட்டும் ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: பொருள் வராவிட்டால் இந்தப் பணத்தைத் திரும்ப இழுக்க யாருக்காவது அதிகாரம் இருக்கிறதா?

ஷாப்பி, கரோசல் போன்ற விற்பனைத் தளங்களில் தளத்தின் பாதுகாப்போடு கட்டும் முறையில், பொருள் நம் கைக்கு வரும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். அதிகாரம் இருக்கிறது. பேபாலில் ‘பொருளும் சேவையும்’ என்று தேர்ந்தெடுத்துக் கட்டினால் 180 நாளுக்குள் புகார் தொடங்கலாம். அதே பேபாலில் ‘நண்பர், குடும்பம்’ என்று கட்டினால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. “கட்டணம் மிச்சம், ஃப்ரெண்ட்ஸ்ல போடுங்க” என்று கேட்பவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் நல்லவர் என்று நமக்குத் தெரியாதபோது அந்தச் சில டாலர் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் சொல்வேன்; உண்மையான விற்பனையாளர் யாரும் அதை மறுத்ததில்லை. கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கி வழியாக மறுப்புக் கோரலாம். வெஸ்டர்ன் யூனியன், பரிசு அட்டை எண், கிரிப்டோ மூன்றுக்கும் திரும்ப வழியே இல்லை. அறிமுகமில்லாதவரிடம் டிரம் வாங்க இவற்றைத் தொடவே வேண்டாம்.

தளத்தில் பேச்சு ஆரம்பித்து வாட்சாப்புக்கு இழுத்து, “வெளியே முடிச்சுக்கலாம், கமிஷன் மிச்சம்” என்பது பழகிப்போன பேச்சு. வெளியே வந்த நொடியில் தளத்தின் பாதுகாப்பு போய்விடும். இன்னொரு வகையினர் ‘பாதுகாப்பாகப் பணம் கட்ட’ ஓர் இணைப்பு அனுப்புவார்கள். தளத்தின் பக்கம் மாதிரியே இருக்கும், வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கும். அல்லது கூரியர் செயலி என்று ஓர் ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்பு வரும். அதைக் கைப்பேசியில் ஏற்றினால் டிரம் பணம் மட்டும் போகாது, கணக்கில் உள்ளது முழுவதும் போகும்.

முன்பணம் பற்றி என் முடிவு கடுமையானது: நேரில் பார்க்காத டிரம்முக்கு முன்பணம் கிடையாது. இன்னொருவர் எடுத்துவிடுவார் என்றால் எடுக்கட்டும். பழைய டிரம் இந்த நாட்டில் இன்னும் நிறைய ஸ்டோர் அறைகளில் கிடக்கிறது.

உள்ளூரில் நேரடியாக வங்கி வழி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு சோதனை. டுயிட்நவ்வில் எண்ணைப் போட்டதும், உறுதி செய்வதற்கு முன் கணக்குக்காரரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயர் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் ஆளுடையதா? “அது என் மச்சான் கணக்கு”, “ஆபீஸ் அக்கவுண்டண்ட் பேரு” என்றால் நிறுத்துங்கள். அடுத்தது, போலீஸ் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறையின் செமாக் மியூல் தளம். வங்கிக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் அதில் போட்டால், அவற்றின் மேல் போலீஸ் புகார் உண்டா என்று காட்டும். புகார் எதுவும் இல்லை என்று வந்தால் அந்த ஆள் சுத்தம் என்று பொருளாகாது. புதிதாகத் திறந்த கணக்கு மேல் இன்னும் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் புகார் உண்டு என்று வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் கணக்கு பல சமயம் அவர்களுடையதாக இருக்காது. சில நூறு வெள்ளிக்காக ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கொடுத்த ஏழையின் கணக்காக இருக்கும். நம் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் இப்படி அட்டை கேட்டு ஆள் வருகிறது. டிரம் வாங்கும் பேச்சு நடக்கும் வீட்டில் இதையும் சொல்லிவையுங்கள், அட்டையைக் கொடுத்த பிள்ளைதான் முதலில் நீதிமன்றம் ஏறுகிறது.

கடன் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசைப்பட்ட செட் கண்ணில் பட்டதும் கையில் பணம் இல்லையென்றால் சிலர் கூட்டு (சீட்டு) எடுக்கிறார்கள், சிலர் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகிறார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்தும் அக்கா எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், நடுவில் இரண்டு பேர் கட்டாமல் விட்டால் உங்கள் முறை வரும்போது பானை காலியாக இருக்கும். ஆலோங் வட்டியைப் பற்றி தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் இரண்டாவது செட்டுக்கு மாதம் 150 வெள்ளி ஒதுக்கி ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில்தான் ஷெல்லைப் பற்றியும் தகட்டைப் பற்றியும் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள்

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று எனக்குக் காட்டியது ஈப்போவில் நடந்த ஒன்று.

நடுவில் ஒருவன் இருப்பான். ஈப்போவில் ஒருவர் தம் செட்டை 3,500 வெள்ளிக்கு விளம்பரம் செய்கிறார். நடுவில் இருப்பவன் அதே படத்தை எடுத்து 2,000 வெள்ளிக்குப் போடுகிறான். உங்களிடம், “செட் என் அண்ணன் வீட்டுல இருக்கு. போய்ப் பாருங்க. ஆனா விலையைப் பத்தி அவர்கிட்ட பேசாதீங்க, குடும்பத்துல கொஞ்சம் பிரச்சினை” என்பான். ஈப்போக்காரரிடம், “என் ஆள் வந்து பார்ப்பாரு. அவர்கிட்ட விலை பேசாதீங்க, பணம் நான்தான் கட்டுவேன்” என்பான். நீங்கள் போகிறீர்கள். செட் உண்மை. ஹெட்டைக் கழற்றிப் பார்க்கிறீர்கள், எல்லாம் சரி. வாட்சாப்பில் வந்த கணக்குக்கு 2,000 வெள்ளி போடுகிறீர்கள். வீட்டுக்காரர், “எனக்குப் பணம் வரலியே” என்கிறார். இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துச் சண்டை போடுவீர்கள். நடுவில் இருந்தவன் எண்ணை அணைத்துவிட்டிருப்பான்.

நான் தப்பித்தது செட்டைப் பார்த்த மகிழ்ச்சியில் வாய் தவறி, “ரெண்டாயிரத்துக்கு இது நல்ல விலைண்ணே” என்று சொன்னதால். அவர் முகம் மாறியது. இருவரும் அவரவர் கைப்பேசியைக் காட்டினோம். கடைசியில் அந்தச் செட்டை நான் 3,200 வெள்ளிக்கு அவரிடமே வாங்கினேன். இன்றும் தீபாவளிக்கு முறுக்கோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.

ஆகவே விலையை டிரம் பக்கத்தில் நிற்பவரிடமே கேளுங்கள். அவர் கணக்குக்கே அனுப்புங்கள். அவர் கைப்பேசியில் பணம் விழுந்ததை அவரே பார்க்கட்டும். “அவர்கிட்ட விலை பேசாதீங்க” என்று ஒருவர் சொன்னால், கட்டாயம் பேசுங்கள்.

ஐந்தாம் படி: நேரில் சோதிப்பது

பகலில் போங்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். டிரம் சாவி, அளவு நாடா, கைப்பேசி விளக்கு, குளிர்ப்பெட்டியில் ஒட்டும் காந்தம் நான்கும் போதும். பெட்ரோல் நிலையத்தில் சந்திக்கலாம் என்பார்கள். டிரம்மை அங்கே தட்டிப் பார்க்க முடியாது. வாடகை ஜாமிங் ஸ்டுடியோ சிறந்த இடம்: கேமரா இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும், சத்தமும் போடலாம்.

ஹெட்டைக் கழற்றி ஷெல்லைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து, உள்ளே கைப்பேசி விளக்கை வையுங்கள். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமில்லை. கொஞ்சம் கசிவதைத் தச்சு தெரிந்தவர் சரிசெய்யலாம். அகலமாகக் கசிந்தால் ஷெல்லே முறுக்கியிருக்கும். பிறகு ஷெல்லின் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். நம் ஈரக் காற்றில் பழைய பசை விட்டுப்போவது சகஜம். உளுத்த ஓட்டையைச் சுற்றி மாவு மாதிரி தூள் புதிதாக விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

உலோக ஸ்னேருக்குத்தான் காந்தம். பித்தளை, அலுமினியம் என்று சொல்லி எஃகு ஷெல்லை விற்பார்கள். எஃகு ஒட்டும், மற்ற இரண்டும் ஒட்டாது. லட்விக் சுப்ராஃபோனிக் என்ற ஸ்னேரின் அலுமினிய ஷெல்லில் குரோம் கொப்பளித்து உரிவது பிறவிக் குணம். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, ஒலியையும் கெடுக்காது. விலையைக் குறைக்கக் கேளுங்கள், வாங்க அஞ்ச வேண்டாம்.

ஒவ்வொரு திருகாணியையும் கையால் சுழற்றிப் பாருங்கள். பாதியில் இறுகி நின்றால் இழை கெட்டிருக்கிறது. எல்லாம் சரியென்றால் அங்கேயே பணம் அனுப்பி, பொருள், எண், விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வெளிநாட்டிலிருந்து வந்தால்

செட் முழுவதையும் அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். காரணம் எடை கணக்கிடும் முறை. விமானக் கூரியர்கள் பலர் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 22 அங்குல பேஸ் டிரம்முக்கு 62, 62, 42 சென்டிமீட்டர் பெட்டி என்று வையுங்கள். 32 கிலோவுக்கு மேல் வரும். உண்மையான எடை அதில் பாதிகூட இருக்காது. ஸ்னேர் மட்டும் என்றால் கட்டுப்படியாகும். ஒன்றுக்கு மேல் வாங்கினால் ஹெட்டுகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, இடையில் துணி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதற்கு மேற்பட்டவை சுங்கத்துறையின் வழக்கமான மதிப்பீட்டுக்குப் போகும். பொருள் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகையே மதிப்பு. வாங்குவதற்கு முன்பே சுங்கத்துறையிடமோ கூரியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். “பரிசுன்னு எழுதி, விலை 50 டாலர்னு போடறேன்” என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பொய்யான அறிவிப்பு. வழியில் டிரம் உடைந்தாலும் 50 டாலருக்குத்தான் இழப்பீடு. சுங்க வரி என்று சொல்லித் தனியார் கணக்குக்குப் பணம் கேட்டு வரும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். கூரியரின் தளத்தில் பார்சல் எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள்.

பணம் போய்விட்டால்

முதல் சில மணி நேரம் மிக முக்கியம். மறுநாள் காலை வரை அந்த ஆளின் பதிலுக்குக் காத்திருந்தேன், அதில்தான் தவறினேன். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் 997க்கும் உடனே அழையுங்கள். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையம். பணம் அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் முடக்க முயல்வதே அதன் வேலை. பிறகு போலீஸ் புகார். உரையாடல், விளம்பரம், கணக்கு எண், பரிமாற்றச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரம் சீக்கிரமே மறைந்துவிடும். விற்றது கடையோ வியாபாரியோ என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான். தனியாள் விற்றது என்றால் அந்த மன்றம் எடுக்காது. “உங்க பணத்தை மீட்டுத் தர்றோம்” என்று சில நாளில் யாராவது அழைப்பார்கள். முன்கட்டணம் கேட்டால் அதுவும் அதே கூட்டம்தான்.

பார்சல் வந்தபின்

தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பார்சல் பெரும்பாலும் தோட்ட ஆபீசிலோ டவுனில் தெரிந்த கடையிலோ இறங்கும். நாம் போய் எடுப்பதற்குள் தளத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கெடு முடிந்தால் பணம் தானாக விற்பவருக்குப் போய்விடும். ஆகவே எத்தனை நாள் கெடு என்று முன்பே பார்த்துவைத்து, வந்த அன்றே எடுத்துவிடுங்கள். கூரியர்காரரிடம் பணம் கொடுத்துப் பெறும் முறை டிரம்முக்குப் பொருந்தாது. பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார்கள்.

திறப்பதை முதலிலிருந்து இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்: ஒட்டியிருக்கும் முகவரி, பெட்டியின் ஆறு பக்கம், உள்ளே கட்டியிருக்கும் விதம், டிரம். அதன்பின் விற்பவர் அனுப்பிய படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தகட்டின் எண் அதேதானா? உள் முத்திரை அதேதானா? மாறியிருந்தால் அன்றே தளத்தில் புகாரைத் திறங்கள். விற்பவர் “நாமளே பேசி முடிச்சுக்கலாம்” என்றாலும் புகாரைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுங்கள்.

எல்லாம் சரியென்றால் உடனே இறுக்கி வாசிக்காதீர்கள். குளிரூட்டிய கிடங்கிலோ விமானத்திலோ வந்த மரம் நம் ஈரத்துக்குப் பழக ஒரு நாளாவது வேண்டும். சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, ஹெட்டைத் தளர்த்தி வையுங்கள். மறுநாள் கெடுவுக்குள் புது ஹெட்டைப் போட்டு, எதிரெதிர் திருகாணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு திருகாணி அருகிலும் தட்டிக் கேட்டு, ஸ்னேர் இழுவையைப் பத்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ‘பெற்றுக்கொண்டேன்’ பொத்தானை அழுத்துங்கள்.